யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையத்தில் ஒரு கச்சேரி: போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் கச்சேரி புதிதில்லை. கோயில் வீதி மணலில் பாயை விரித்து இருந்து, விடிய விடிய மேளச்சமா கேட்டு வளர்ந்த ஊர் இது. அங்கே யாரும் யாருக்கும் ஒழுங்குமுறை சொல்லித் தருவதில்லை. பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு வெளி மண்டபத்துக்குப் போவோம், கடலை வாங்குவோம், திரும்பி வந்து இருப்போம். ஆனால் நான்கு பக்கமும் சுவர் வைத்து, ஒலிக்கும் ஒளிக்குமென்றே கட்டிய அரங்குக்குள் அறுநூறு பேரோடு ஒன்றாக இருந்து கேட்பதற்குக் கொஞ்சம் வேறு ஆயத்தம் வேண்டும். எப்போது வெளிக்கிடுவது, எந்தக் கதிரையில் இருப்பது, எதைக் கவனித்துக் கேட்பது என்று தெரிந்து போனால், அதே கச்சேரியில் இரண்டு மடங்கு கேட்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இடம் எது

யாழ். பொது நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தை ஒட்டி எழும்பி நிற்கும் உயரமான வெள்ளைக் கட்டடத் தொகுதிதான் மையம். இந்திய அரசின் நன்கொடையில் கட்டப்பட்டது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி யாழ்ப்பாணம் வந்தபோது அடிக்கல் நடப்பட்டது. 2022 மார்ச்சில் காணொளி வழியாகத் திறந்துவைக்கப்பட்டு, 2023 பெப்ரவரி 11ஆம் திகதி மக்களிடம் கையளிக்கப்பட்டது. முதலில் யாழ்ப்பாணப் பண்பாட்டு மையம் என்று இருந்த பெயர் 2025 ஜனவரியில் திருவள்ளுவரின் பெயருக்கு மாறியது. பழைய அழைப்பிதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் முந்திய பெயர்தான் கிடக்கும், இரண்டும் ஒரே இடம்தான். ஆட்டோக்காரரிடம் 'லைப்ரரிக்குப் பக்கத்துக் கலாசார மையம்' என்றால் போதும்.

உள்ளே அறுநூறு பேருக்கு மேல் இருக்கக்கூடிய பிரதான அரங்கு, இரண்டு மாடிகளில் அருங்காட்சியகம், வகுப்புகளுக்கும் பயிற்சிகளுக்கும் என்று கட்டிய பல மாடிக் கோபுரம், வெளியே திறந்தவெளி அரங்காகவும் பயன்படக்கூடிய பொதுச் சதுக்கம் ஆகியவை இருக்கின்றன. உங்கள் நிகழ்ச்சி இவற்றில் எதில் நடக்கிறது என்பதை முதலே கேட்டு வையுங்கள். சதுக்கத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கும் அரங்குக்குள் நடக்கும் நிகழ்ச்சிக்கும் வேண்டிய ஆயத்தம் ஒன்றில்லை.

நிகழ்ச்சியை அறிவதும் அழைப்பிதழை வாசிப்பதும்

நம்மூரில் நல்ல நிகழ்ச்சிகள் பல பெரிய விளம்பரமில்லாமல்தான் நடக்கின்றன. உதயன், வலம்புரி போன்ற உள்ளூர்ப் பத்திரிகைகளின் 'இன்றைய நிகழ்வுகள்' மாதிரியான சின்னப் பத்திகள், முகநூல் பக்கங்கள், யாழ். இந்தியத் துணைத்தூதரகத்தின் அறிவிப்புகள், நகரத்துச் சுவரொட்டிகள் ஆகிய நான்கையும் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தப்பாது. இவற்றைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. உங்கள் ஊரில் சங்கீதமோ நடனமோ படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரைத் தெரிந்து வைத்திருங்கள். யார் எப்போது மேடையேறுகிறார்கள் என்பது அவர்களுக்கு இரண்டு மாதம் முன்னமே தெரியும்.

அரங்கேற்றங்களும் நிறுவனங்கள் நடத்தும் விழாக்களும் அநேகமாக அழைப்பிதழோடு இலவசம். ரிக்கற் போட்டு நடத்தும் நிகழ்ச்சிகளில் ரிக்கற்றை நடத்துபவர்களே விற்பார்கள், ஆகையால் எங்கே வாங்குவது என்பதைச் சுவரொட்டியிலேயே பாருங்கள். அழைப்பிதழ் கிடைக்கவில்லையே என்று தயங்கி வீட்டில் நிற்க வேண்டாம். நடத்துபவர்களிடம் ஒரு சொல் கேட்டால் பெரும்பாலும் 'வாங்கோ' என்றுதான் சொல்வார்கள். பின் வரிசைகள் வெறுமையாகக் கிடப்பதை எந்தக் கலைஞரும் விரும்புவதில்லை.

அழைப்பிதழில் ஒரு விஷயம் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை என்று வரிசை நீளமாக இருந்தால், பாட்டோ ஆட்டமோ தொடங்கக் குறித்த நேரத்திலிருந்து அரை மணி, முக்கால் மணி பிந்தலாம். அதற்காகப் பிந்திப் போகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிப் போங்கள் என்கிறேன்.

வெளிக்கிடுதல்

பின்னேர நிகழ்ச்சி என்றால் குறைந்தது அரை மணி முந்திப் போய்ச் சேருங்கள். பஸ் நிலையத்திலிருந்து மையத்துக்கு நடந்தே வந்துவிடலாம். புகையிரத நிலையத்தில் இறங்குபவர்களுக்கு ஆட்டோதான் வசதி. பிக்மீ செயலியும் யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும். பக்கத்துத் துரையப்பா விளையாட்டரங்கிலோ முற்றவெளியிலோ பெரிய நிகழ்ச்சி இருக்கிற நாள் என்றால் வாகனம் நிறுத்த இடம் தேடுவதிலேயே முதல் பாட்டு முடிந்துவிடும். அப்படியான நாளில் வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

நேரம் இருந்தால் ஒரு மணி முந்தியே வந்து சுற்றுப்புறத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். நூலகக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் கே. எஸ். நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைந்தது. 1981 ஜூன் 1 அதிகாலையில் 97,000க்கு மேற்பட்ட நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரிக்கப்பட்டு, பிறகு அதே முகத்தோடு மீள எழுந்தது. எதிரே முற்றவெளி. 1974 ஜனவரி 10ஆம் திகதி நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் கூட்டத்தில் உயிர் இழந்தவர்களின் நினைவுத் தூண்கள் அங்கே இருக்கின்றன. அந்தக் கூட்டம் நடந்தது வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால். மண்டபம் கொள்ளாத அளவு சனம் வந்ததால் வெளியே மேடை போட்டார்கள். இப்போது நீங்கள் போய் இருக்கப்போகிற அரங்கு அதற்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. தமிழுக்காகவும் கலைக்காகவும் கூடுவது இந்த நிலத்தில் எவ்வளவு பெறுமதியான காரியம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. அருங்காட்சியகத்தையும் பார்க்க நினைத்தால் அது திறந்திருக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

உடுப்பில் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. வேட்டி, சேலை, சாதாரண உடுப்பு எல்லாம் பொருந்தும். குளிரூட்டி ஓடும் அரங்கில் இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்க வேண்டி வரலாம். அம்மம்மா, தாத்தா வந்தால் ஒரு மெல்லிய சால்வை எடுத்து வையுங்கள். வெளிச் சதுக்கத்து நிகழ்ச்சி என்றால் இதற்கு நேர்மாறு: நுளம்புக்குப் பூசுவதற்கு ஏதாவது, மாரி காலத்தில் குடை, சோளகக் காற்று வீசும் மாதங்களில் பறக்காத உடுப்பு.

எந்தக் கதிரை

இதைப் பற்றி நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. உள்ளே போனதும் முன்னுக்கு இடம் கிடைக்குமா என்று பார்ப்போம். முதல் இரண்டு வரிசை விருந்தினர்களுக்கென்று ஒதுக்கியிருந்தால், மூன்றாவதில் போய் இருப்போம். முன்னுக்கு இருப்பதுதான் மரியாதை, அதுதான் நல்ல இடம் என்று ஒரு பழக்கம். காதுக்கு அப்படி இல்லை.

மூடிய அரங்கில் உங்களிடம் வரும் ஒலி இரண்டு வகை. மேடையிலிருந்து நேரே வருவது ஒன்று, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது மற்றது. நம்மூர் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். திரும்பி வரும் ஒலி நேரே வருவதற்குப் பின்னால் 50 மில்லி செக்கனுக்குள் வந்து சேர்ந்தால், காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது குரல் நிறைந்து, திடமாகக் கேட்கும். அதைவிடப் பிந்தினால் சொல் கலங்கும், மிருதங்கத்தின் அடுத்தடுத்த சொற்கட்டுகள் (அடிகளின் கோவைகள்) ஒன்றோடொன்று ஒட்டும். முன் வரிசையில் நேரொலிதான் பெரும்பங்கு; அதுவும் மேடையின் இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி வைத்திருந்தால், பாடகர் நடுவில் இருக்க அவருடைய குரல் உங்களுக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து வரும். அரங்கின் மூன்றில் ஒரு பங்கு தாண்டி, நடுப் பாதி வரையுள்ள வரிசைகளில், நடுக் கோட்டுக்குக் கிட்ட இருந்தால் இரண்டும் அளவாகச் சேரும். வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு நான் போய் இருப்பது அங்கேதான். பின் சுவரோடு ஒட்டிய வரிசையையும் பக்கச் சுவரோரத்தையும் கடைசித் தெரிவாக வையுங்கள்.

பரதநாட்டியத்துக்கு இது கொஞ்சம் மாறும். முதல் வரிசையில் இருந்தால் மேடையின் உயரம் பாதத்தை மறைத்துவிடும். அடவு, அதாவது காலும் கையும் சேர்ந்த ஆட்ட அசைவு, பார்க்க வந்துவிட்டு முழங்காலுக்கு மேலே மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பதில் என்ன பிரயோசனம்? ஆறாம், ஏழாம் வரிசைக்கு வந்தால் பாதமும் தெரியும், அபிநயத்துக்கு முகமும் தெரியும். அரங்கேற்றத்தில் வர்ணம்தான் நெஞ்சுப் பகுதி, அரை மணிக்கு மேல் போகும். வெளியே போகத் தேவையென்றால் அதற்கு முதல் போய் வந்துவிடுங்கள். அந்த அரை மணியில் நடுவரிசையில் எழும்பி நடப்பவரை மேடையில் இருக்கும் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

நாதஸ்வரம், தவில் என்றால் இன்னும் பின்னுக்குப் போங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டு வாத்தியமும் வெளிவீதியில், தேருக்கு முன்னால், ஆயிரம் பேருக்குக் கேட்கவென்று உருவானவை. தவிலின் ஒரு பக்கத்தைப் பசையும் துணியும் சுற்றிக் காயவைத்த கூடுகள் போட்ட விரல்கள் தட்டுகின்றன, மறுபக்கத்தை ஒரு தடித்த கழி அடிக்கிறது. திறந்தவெளியில் அந்த ஒலி போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. மூடிய அரங்கில் அது திரும்பி வரும். மேற்கத்திய வாத்தியக் குழுக்களுக்காகக் கட்டும் பெரிய அரங்குகளில் ஒலி அடங்க ஏறத்தாழ இரண்டு செக்கன் எடுக்கும்படி அமைப்பார்கள். பேச்சுக்கு ஒரு செக்கன் அளவுதான் நல்லது. வேகமாக விழும் தவில் சொல்லுக்கும் அந்தக் குறைந்த அளவுதான் பொருந்தும். அரங்கு நிறையச் சனம் இருந்தால் உடம்பும் உடுப்பும் ஒலியை உறிஞ்சித் தெளிவாக்கும். வெறுமையான அரங்கில் அதே தவில் இரைச்சலாகும். நல்ல கூட்டம் வருவது வித்துவானுக்குச் சந்தோஷம் மட்டுமில்லை, கேட்பவருக்கும் இலாபம்.

சத்தம் பற்றி ஒரு வேண்டுகோள்

திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கி கட்டிப் பழகிய ஒலி அமைப்பாளர்கள் சிலர், அறுநூறு பேர் அரங்குக்கும் அதே அளவில் திருப்பி வைக்கிறார்கள். கடைசிக் கதிரையும் மேடையிலிருந்து அவ்வளவு தூரமில்லாத ஓர் இடத்தில் அது தேவையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் இசை நிகழ்ச்சி இடங்களுக்கென்று 2022இல் வெளியிட்ட அளவுகோல், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அது கடைசி எல்லை. வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் அதற்குக் கிட்டப் போகவே வேண்டியதில்லை. காது இரைந்தால் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள். இடைவேளையில் ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் போய், 'தம்பி, கொஞ்சம் குறைச்சு விடுங்கோ, குரல் வடிவாக் கேக்கேல்லை' என்று தன்மையாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சொன்னால் குறைப்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு வந்திருந்தால் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் இருப்பதைக் கட்டாயம் தவிருங்கள்.

கேட்பது

கச்சேரிகளில் என்னைக் கவலைப்படுத்தும் ஒரு பழக்கம் உண்டு. பிரதான உருப்படியில் பாட்டு நின்று, மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனம் தொடங்கும்போது தேத்தண்ணீருக்கு எழும்பிப் போவது. வேறு எந்த ஊரில் செய்தாலும், யாழ்ப்பாணத்தில் இது நடக்கக் கூடாது. தவில் மேதை தட்சணாமூர்த்தி பிறந்த மண் இது. அளவெட்டியையும் இணுவிலையும் சொன்னால் மேளம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து இருப்பார்கள். லயம் நம்முடைய சொத்து.

தனியாவர்த்தனம் விளங்கவில்லை என்பவர்களுக்கு ஓர் எளிய வழி. தாளத்தைக் கையில் பிடியுங்கள். அநேகமாக ஆதி தாளமாக இருக்கும், எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக மூன்று. இது நான்கு. பிறகு தட்டு, கையைத் திருப்பி வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. இது எட்டு. மேடையில் பாடகரின் கையைப் பார்த்து அதோடு சேர்ந்துகொள்ளலாம். சத்தமில்லாமல் போடுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தொடைத் தட்டல் கேட்கக் கூடாது.

இப்போது மிருதங்கத்தைக் கேளுங்கள். உங்கள் கை ஒரே சீராக ஓட, வாசிப்பவர் அதைவிட்டு விலகி, நான்காகவும் மூன்றாகவும் ஐந்தாகவும் கணக்கைப் பிரித்துக்கொண்டு போவார். தாளம் தப்பிவிட்டது போல இருக்கும். கையை நிறுத்தாதீர்கள். முடிவு நெருங்கும்போது ஒரு கோர்வையை எடுப்பார். ஒரே சொற்கட்டு மூன்று தரம் வரும். முதல் தரத்தில் அடையாளம் பிடியுங்கள், இரண்டாவதில் உறுதி செய்யுங்கள், மூன்றாவது முடிகிற அடி பாட்டு எடுக்கும் இடத்தில் போய் விழும். அதை உங்கள் கையே உணர்ந்தால், கைதட்டச் சொல்லி யாரும் சொல்லத் தேவையில்லை. மிருதங்கத்தோடு கடமோ கஞ்சிராவோ இருந்தால், ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில் சொல்வதையும், சுற்று வரவரக் குறுகுவதையும் கவனியுங்கள்.

ஆலாபனை நடக்கும்போது நடுவில் நல்ல பிடி ஒன்று விழுந்தால் மெல்லத் தலையாட்டலாம், 'ஆகா' சொல்லலாம். நம் இசையில் அது இடையூறில்லை, வித்துவானுக்குத் தெம்பு. மேற்கத்திய சேர்ந்திசைக் குழு பாட வந்தால் அங்கே முறை வேறு. பல பகுதிகளாக வரும் ஒரு படைப்பில் பகுதிக்குப் பகுதி தட்டாமல், முழுதும் முடிந்து நடத்துநர் கையைக் கீழே விட்ட பிறகு தட்டுவார்கள்.

கூத்து, நாடகம்

கூத்து வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், பிறந்தது. சனம் சுற்றி இருக்கும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் களரியிலேயே நிற்பார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதை முன்பக்கம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுவந்த பிறகு, படித்தவர்களும் கூத்தை மதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அதே நேரத்தில் இங்கே நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திர மயானகாண்டத்தை ஊர் ஊராக ஆடி, இசைநாடகத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். அரங்குக்குள் கூத்துப் பார்க்கும்போது கொஞ்சம் தள்ளி இருங்கள், ஆட்டக்காரர் போடும் வட்டங்களும் எட்டு வடிவங்களும் தூரத்தில்தான் உருவாகித் தெரியும். மையத்தின் வெளிச் சதுக்கத்தில் கூத்துப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அதைத் தவறவிடாதீர்கள். அந்தக் கலைக்குச் சுற்றி இருந்து பார்ப்பதுதான் இயல்பு.

கைத்தொலைபேசி, பிள்ளைகள், முதியவர்கள்

தொலைபேசியை அதிர்வில் வைப்பது போதாது, மூடிவிடுங்கள். இருட்டு அரங்கில் ஒரு திரை வெளிச்சம் பின்னால் இருக்கும் பத்துப் பேரின் கண்ணை இழுக்கும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு நேரலையில் காட்ட ஆசை இருக்கும், விளங்குகிறது. பெரும்பாலான அரங்கேற்றங்களில் நடத்துபவர்களே ஒளிப்பதிவு செய்கிறார்கள், அதன் இணைப்பைக் கேட்டு அனுப்புங்கள். உங்கள் பிள்ளையே ஆடினாலும் நடைபாதையில் நின்று பிடிக்காதீர்கள்.

பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். ஓரக் கதிரையில் இருந்தால் அழும்போது சட்டென்று வெளியே கொண்டுபோகலாம். முழுக் கச்சேரியும் இருக்க வைக்க வேண்டும் என்றில்லை, இரண்டு உருப்படி கேட்டாலே பெரிய விஷயம். நடக்கக் கஷ்டப்படும் முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருந்தால், எந்த வாசலால் வருவது, மின்தூக்கி இயங்குமா, மலசலகூடம் எங்கே என்பவற்றை முதல் நாளே நடத்துபவர்களிடம் கேளுங்கள். வாசலில் வந்து நின்று தடுமாறுவதைவிட அது எவ்வளவோ நல்லது.

முடிந்த பிறகு

மங்களம் பாடும் வரை இருங்கள். பக்கவாத்தியக்காரர்களையும் கண்டு ஒரு சொல் பேசிவிட்டுப் போங்கள். பாடகரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், கடம் வாசித்தவர் தனியே பையில் கட்டிக்கொண்டிருப்பார்.

ஊர்ப் பஸ்கள் இரவு பிந்தி ஓடாது. காரைநகர், பருத்தித்துறை, சாவகச்சேரிப் பக்கம் போகிறவர்கள் திரும்பிப் போகும் வழியைப் போகும்போதே ஒழுங்கு பண்ணுங்கள். தெரிந்த ஆட்டோ அண்ணையிடம் நேரம் சொல்லி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த நிச்சயமான வழி. கச்சேரி முடிகிற நேரம் பிந்தும் என்பதால், 'முடியப் பத்து நிமிஷம் இருக்கேக்க எடுக்கிறன்' என்று சொல்லுங்கள். நூலகத்தையும் முற்றவெளியையும் சுற்றிய வீதிகள் இரவு பிந்தினால் வெறிச்சோடிவிடும், ஆட்டோவுக்குக் கை காட்டி நிற்க வேண்டியிருந்தால் பஸ் நிலையப் பக்கம் நடந்து வாருங்கள். பசியென்றால் நகரத்துக்குள் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தம் கேட்கும் கடை ஏதாவது திறந்தே இருக்கும்.